திரியாத தயிர்

வெள்ளி, இரவு

கிழக்குத் துருக்கியின் எர்சுரூம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் பிறந்தாலே குளிர் நடுக்கும். அங்கே ஒரு வீட்டுச் சமையலறையில் பாட்டி பால் காய்ச்சி ஆறவைத்திருக்கிறார். வெப்பமானி எல்லாம் கிடையாது. சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறார். விரல் பொறுக்கும் சூடு, கணக்கில் சொன்னால் சுமார் 45 டிகிரி. பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றி, பானையைக் கம்பளியால் சுற்றி மூலையில் வைக்கிறார். நாளைக்கு யாய்லா சோர்பா என்ற தயிர்ச் சூப்.

சனி, காலை

தயிர் கெட்டியாக உறைந்திருக்கிறது, லேசான புளிப்போடு. இந்த சூப்புக்கு அதுதான் வேண்டும். புளிப்பே இல்லாத தயிரில் செய்தால் சப்பென்று கஞ்சி குடித்த மாதிரி ஆகிவிடும்.

கோடையில் ஆடு மாடுகளோடு இடையர்கள் ஏறிப்போகும் மலை மேய்ச்சல் நிலங்களின் பெயரைத் தாங்கிய சூப் இது. பாலும் தயிரும் தட்டில்லாமல் கிடைக்கும் இடம். துருக்கியர்களுக்கும் தயிருக்கும் உள்ள உறவு பழையது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் கஷ்காரி தொகுத்த துருக்கிய அகராதியிலேயே தயிர் இடம்பெற்றிருக்கிறது.

சனி, நண்பகல்

அரை கப் அரிசி ஆறு கப் தண்ணீரில் குழைய வேகிறது. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு கப் தயிர், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, இரண்டு மேசைக்கரண்டி மைதா. கட்டி தட்டாமல் பேத்தி அடித்துக் கலக்குகிறாள். அப்படியே கொதிக்கும் பானையில் கவிழ்க்கப் போனவளைப் பாட்டி தடுக்கிறார்: "பொறு கண்ணு, முதலில் தயிருக்குச் சூடு பழகட்டும்."

கொதிநீரில் ஒரு கரண்டி மொண்டு தயிரில் விட்டுக் கலக்கு. இன்னொன்று. மறுபடி ஒன்று. தயிர்ப் பாத்திரம் தொட்டால் சுடும் நிலைக்கு வந்த பிறகே, மெல்லிய தாரையாக அது பானைக்குள் போகிறது.

சமையல் வித்தை முழுக்க இந்த ஐந்து நிமிடத்தில்தான். புளித்த தயிரில் சட்டென்று சூடு ஏறினால் அதன் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரிந்துவிடும். மாவிலுள்ள ஸ்டார்ச் குழம்பைக் கெட்டியாக்கி அவற்றை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. மஞ்சள் கருவும் கைகொடுக்கிறது. நம் மோர்க்குழம்பில் அரைத்த துவரம்பருப்பும் அரிசியும் பார்க்கிற வேலைதான்! கொதி வரும்வரை கரண்டி நிற்கக் கூடாது. உப்பு கடைசியில்தான், முதலிலேயே போட்டால் திரியும் என்பது துருக்கி வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை.

சனி, மாலை

சிறு வாணலியில் வெண்ணெய் உருகி நுரைக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, காய்ந்த புதினாவை உள்ளங்கையில் கசக்கித் தூவுகிறார் பாட்டி, கூடவே கொரகொரப்பான மிளகாய்த்தூள். புதினா கருகினால் கசக்கும், அதனால்தான் அடுப்பை அணைப்பது. வெள்ளைச் சூப்பின் மேல் செம்பச்சை வெண்ணெய் வளையம் வளையமாகப் பரவுகிறது. இதில் கஞ்சத்தனம் செய்பவர்கள் இந்த சூப்பை வைக்காமலே இருக்கலாம்.

ஞாயிறு

ஊருக்கு ஊர் தயிர்ச் சூப் மாறுகிறது. எர்சுரூமிலேயே கோதுமை சேர்த்த அய்ரான் ஆஷி உண்டு. கோடையில் அதைக் குளிரக் குளிரக் குடிப்பார்கள். காஸியான்டெப்பில் ரமலான் பெருநாளுக்கு யுவாலாமா: அரிசிமாவும் இறைச்சியும் பிசைந்து கொண்டைக்கடலையைவிடச் சிறிதாக உருட்டிய உருண்டைகள் தயிரில் மிதக்கும். வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து மணிக்கணக்கில் உருட்டுவார்கள்.

மிஞ்சிய சூப் மறுநாள் இறுகிவிடும். கொஞ்சம் வெந்நீர் விட்டு, சிறு தீயில், கிளறிக்கொண்டே சூடாக்குங்கள்.