எந்த நிரூபணம் போதவில்லை?

ஆய்வுக்குக் கணிதத்தில் எந்தக் கிளையை எடுத்தால் வேலை கிடைக்கும் என்று எம்.எஸ்சி. முடிக்கப்போகும் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புள்ளியியலும் நிகழ்தகவும் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் வழி காட்டும். நம்பர் தியரி தெரிந்தவருக்குக் குறியாக்கத் துறை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, ஒரு தாளில் 4 என்று எழுதிக் கொடுப்பேன்.

அதைக் கூட்டலாக எத்தனை விதத்தில் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 9-க்கு 30, 14-க்கு 135. 4-லோ 9-லோ முடியும் எந்த எண்ணுக்கும் இந்த எண்ணிக்கை 5-ஆல் வகுபடும் என்று கண்டு நிறுவியவர் ராமானுஜன்.

முடிவிலாத் தொடர்களைக் கொண்டு அவர் தந்த நிரூபணத்தைப் படித்ததும் சிலர் அந்தத் தொடர்களின் பின்னாலேயே போய்விடுவார்கள். அவர்களுக்கு உரியது மாடுலர் ஃபார்ம்ஸ். வேறு சிலர், எண்ணிக்கை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கேட்பார்கள். 200-க்கே அது ஏறத்தாழ 4 லட்சம் கோடி! 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் அந்த வளர்ச்சிக்குச் சூத்திரம் தந்தார்கள். அவர்கள் போன வழி அனாலிசிஸ்.

எனக்கு இவை இரண்டும் போதவில்லை. ஐந்தால் வகுபடுகிறது, சரி. அந்த ஐந்து சம பங்குகள் எங்கே? 1944-இல் ஃப்ரீமன் டைசன் இதையேதான் கேட்டார். ஒவ்வொரு பிரிவினையிலும் உள்ள மிகப் பெரிய எண்ணிலிருந்து, அதில் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதைக் கழிக்கச் சொன்னார். 4-க்குச் செய்து பாருங்கள்: 3, 1, 0, -1, -3. ஐந்தால் வகுத்தால் ஐந்தும் வெவ்வேறு மீதி! இப்படி எப்போதும் சமமாகவே பிரியும் என்ற அவருடைய ஊகத்தை 1954-இல் அட்கினும் ஸ்வின்னர்ட்டன்-டையரும் நிறுவினார்கள். 11-ஆல் வகுபடுவதற்கு ராமானுஜன் கண்ட இதே போன்ற விதிக்கு இந்தக் கழித்தல் உதவாது. அதற்கு ஏற்ற வேறோர் அளவை 1988-இல்தான் ஆண்ட்ரூஸும் கார்வனும் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்தபோது நான் காம்பினேட்டரிக்ஸ் ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தேர்வு மதிப்பெண்ணை வைத்துக் கிளையைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்பதில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்த பாடத்தில் யாருக்கும் மதிப்பெண் வரும். பல நிரூபணங்கள் உள்ள ஒரு தேற்றத்தை எடுத்துக்கொண்டு அவற்றை வரிசையாகப் படியுங்கள். எதைப் படித்த பிறகு அடுத்த கேள்வி தானாக எழுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அந்தக் கேள்வியோடு போய் கைடைத் தேடுங்கள்.