பிரேக் இல்லாத வண்டியும் ஒரு எக்செல் ஷீட்டும்

ரொம்ப நாளா எழுதலை மக்களே. ஆன்சைட்னு சொல்லி போலந்துல வ்ரோட்ஸ்வாஃப்னு ஒரு ஊர்ல கொண்டுவந்து போட்டுட்டாங்க. (அந்தப் பேரைச் சரியா உச்சரிக்கவே ரெண்டு மாசம் ஆச்சு.) குளிர், உருளைக்கிழங்கு, இதையெல்லாம் இன்னொரு நாள் புலம்பிக்கறேன். இன்னிக்கு ஸ்பீட்வே.

டீம்ல ஒரு பெரியவர் இருக்கார். வயசு ஐம்பத்தஞ்சைத் தாண்டியிருக்கும். டேட்டாபேஸ் ஆசாமி, அதிகம் பேச மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை திடீர்னு "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கே, வா"ன்னு கூட்டிட்டுப் போனார். ஒலிம்பிக் ஸ்டேடியம். போய் உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் கண்ணு, காது, சட்டைப்பை எல்லாத்துலயும் மண்ணு.

தெரியாதவங்களுக்காக: நீள்வட்டமா ஒரு மண் தளம். நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிஷத்துல கதை முடிஞ்சிடும். 500 சிசி ஒத்தை சிலிண்டர் எஞ்சின், குடிக்கறது மெத்தனால். கியர் ஒண்ணே ஒண்ணு. பிரேக் கிடையாது. இருக்குன்னு வச்சு யூஸ் பண்ணாம இல்லைங்க, நிஜமாவே கிடையாது. எப்பவும் இடப்பக்கம்தான் திரும்பணும். ஆனா திரும்பும்போது முன்சக்கரத்தை வலப்பக்கம் பிடிச்சுக்கிட்டு, இரும்பு மாட்டின இடது காலைத் தரையில தேய்ச்சுக்கிட்டு, பின்சக்கரத்தை வழுக்கவிட்டே திரும்பறாங்க. முதல் ஆளுக்கு 3, அடுத்தவருக்கு 2, மூணாவது ஆளுக்கு 1, கடைசி ஆளுக்கு முட்டை.

இடைவேளையில நான் கவனிச்சது, ஒரே குடும்பப் பேரு திரும்பத் திரும்ப வர்றது. கேட்டேன். "இது குடும்பத் தொழில் மாதிரி. எஞ்சினைப் பிரிச்சு மாட்ட வீட்டுல ஒரு ஆள், வேன் ஓட்ட ஒரு ஆள் வேணும். தனியா வந்து ஜெயிக்கறது கஷ்டம்"னார். "அப்போ இதுலயே பெரிய குடும்பம் எது?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூணு வாரம் கேன்டீன்ல இதே சண்டைதான்.

அவர் கட்சி கோலோப் குடும்பம். தோமாஷ் கோலோப் 2010ல உலக சாம்பியன். 1973ல யெர்ஷி ஷ்சாகியெல் ஜெயிச்சதுக்கு அப்புறம் 37 வருஷம் கழிச்சு போலந்துக்கு வந்த பட்டம். அண்ணன் யாட்செக்கும் ரேஸ்காரர், ரெண்டு பேரும் சேர்ந்து பிட்கோஷ்ச் கிளப்புக்கு ஓட்டினவங்க.

நான் சும்மா இருப்பேனா? எக்செல்லைத் திறந்துட்டேன். உலக சாம்பியன்ஷிப்புல தங்கத்துக்கு 3, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1. ரேஸ்ல குடுக்கற அதே கணக்கு. என் கட்சி ஆஸ்திரேலியாவோட கிரம்ப் குடும்பம். ஜேசன் கிரம்ப் 2004, 2006, 2009ல சாம்பியன். அதைவிட, 2001லேர்ந்து 2010 வரைக்கும் பத்து வருஷமும் முதல் மூணு இடத்துக்கு வெளியே போகவே இல்லை. அப்பா பில் கிரம்ப் 1976ல வெண்கலம். கூட்டினா 22 பாயிண்ட்.

அம்மாவழித் தாத்தா நீல் ஸ்ட்ரீட் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவரும் ரேஸ்காரர்தான். 70களின் நடுவுல, ரெண்டு வால்வு ஜாவா எஞ்சினுக்கு நாலு வால்வு ஹெட் ஒண்ணைத் தானே வடிவமைச்சார். அதைப் போட்டு ஓட்டினது மருமகன் பில். (வரதட்சணைன்னா இப்படி இருக்கணும்!) கொஞ்ச நாள்ல எல்லாரும் நாலு வால்வுக்கு மாறிட்டாங்க. பின்னாடி அவரே ஆஸ்திரேலிய டீம் மேனேஜர். 2001 உலகக் கோப்பை இறுதிப் போட்டி இதே வ்ரோட்ஸ்வாஃப்ல. தாத்தா மேனேஜர், பேரன் டீம்ல, கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு. இதுக்கு எக்செல்ல எத்தனை பாயிண்ட் போடறது சொல்லுங்க?

பெரியவர் ஷீட்டைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "22ல 21 ஜேசனோடது. இது குடும்பமா, ஒரு ஆளா?"

பக் ரிப்போர்ட் வந்தா ஃபிக்ஸ் பண்ணணும்ல. நிக்கி பெடர்சனும் மூணு தடவை சாம்பியன்தான் (2003, 2007, 2008), ஆனா அவரோட அண்ணன் ரோனி அந்த உயரத்துக்கு வரலை. அதனால ரூலை மாத்தினேன். குடும்பத்துல முதல் ஆளைக் கணக்குல சேர்க்காதே, ரெண்டாவது ஆள் என்ன செஞ்சார்னு பாரு. உடனே பட்டியல் தலைகீழாச்சு. 1937ல வெம்ப்ளியில அமெரிக்காக்காரங்க ஜாக் மில்ன் தங்கம், தம்பி கார்டி மில்ன் வெண்கலம், ஒரே ராத்திரியில. அவங்களுக்கும் மேல இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்து காலின்ஸ் சகோதரர்கள். பீட்டர், லெஸ், பில், நீல், ஸ்டீபன்னு அஞ்சு பேர், அஞ்சு பேரும் ரேஸ்காரங்க. பீட்டர் 1976ல சாம்பியன் (பில் கிரம்ப் வெண்கலம் வாங்கின அதே போட்டி), அடுத்த வருஷம் உடைஞ்ச காலோட ஓட்டி ரெண்டாவது இடம். 1982ல லாஸ் ஏஞ்சலஸ்ல லெஸ் வெள்ளி. ரெண்டாவது ஆளே வெள்ளி வாங்கின குடும்பம்! தீர்ப்பு காலின்ஸ்னு எழுதி, பிரிண்ட் எடுத்து அடுத்த மேட்சுக்கே கொண்டுபோய் நீட்டினேன். மனுஷன் சிரிப்பார்னு நெனச்சேன்.

சிரிக்கலை. மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு, தளத்தைக் காட்டினார். "1992ல ஹேவ்லாக் இங்கதான் சாம்பியன் ஆனார். அவங்கப்பா பிரையனும் ரேஸ்காரர். நான் அன்னிக்கு வந்திருந்தேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "லீ ரிச்சர்ட்சனும் இங்கதான்."

லீ ரிச்சர்ட்சன் 1999ல 21 வயசுக்குட்பட்டோருக்கான உலக சாம்பியன். அப்பா காலினும் இங்கிலாந்துல ஓட்டினவர். 2012 மே மாசம் ழெஷுஃப் கிளப்புக்காக இங்க ஓட்ட வந்து, விழுந்து, அன்னிக்கே போயிட்டார். நாங்க உட்கார்ந்திருந்த அதே ஸ்டேடியம்.

அப்புறம் அவரே பேசினார். ரெம்பாவா குடும்பம், நாலு அண்ணன் தம்பிங்களும் ரேஸ்காரங்க. அதுல யாட்செக்கோட பையன் கிறிஸ்தியான் 2016ல ரிப்னிக்ல விழுந்து, சில நாள்ல இறந்துட்டான். 18 வயசு. இவரோட ஹீரோ தோமாஷ் கோலோப் 2017ல மோட்டோகிராஸ் பயிற்சியில விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்துட்டார். டை வொஃபிண்டன், பல வருஷம் இதே வ்ரோட்ஸ்வாஃபுக்கு ஓட்டி மூணு தடவை உலக சாம்பியன் ஆனவர், அதுல ஒண்ணைக்கூட அவரோட அப்பா ராப் பார்க்கலை. அவரும் ரேஸ்காரர்தான், 2010லயே புற்றுநோய்ல போயிட்டார்.

"உன் ஷீட்ல இவங்களுக்கு எந்த காலம்?"

என்கிட்ட பதில் இல்லை. ஒரு வாதத்துக்கு, ஜெயிச்சதைத்தானே கேட்டேன், போனதைக் கேட்கலையேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரலை. இன்னிக்கும் என் கட்சி காலின்ஸ்தான், அதுல மாத்தமில்லை. ஆனா அஞ்சு பையனும் ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு தளத்துல ஓட்டறப்போ அந்த வீட்ல ஃபோன் அடிச்சா யார் எடுத்திருப்பாங்கன்னு அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நான் யோசிக்கலை.

திரும்பி வரும்போது டிராம்ல சொன்னார். அவர் பையனுக்குப் பன்னெண்டு வயசுல ஸ்பீட்வே பைத்தியம். ஜூனியர் பயிற்சியில சேர அப்பா கையெழுத்து வேணும். "ஃபாரம் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். தொலையலை. இன்னும் என் மேசை டிராயர்லதான் இருக்கு." பையன் இப்போ அக்கவுண்டன்ட். முதுகுத்தண்டு, கை, கால் எல்லாம் பத்திரம். ஆனா அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அப்பாவோட ஸ்டேடியத்துக்கு வந்ததில்லையாம்.

"நீங்க செஞ்சது சரிதானே சார்?"னு கேட்டேன். தோளைக் குலுக்கினார். அந்த ஊர்ல அதுக்கு அம்பது அர்த்தம்.

ஒவ்வொரு சீசனும் ரெண்டு சீட் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்குவாராம், பழக்கதோஷம். இத்தனை நாளா கம்பெனிக்காரன்னு எனக்கு ஓசியில குடுக்கறார்னு நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த சீட் யாருதுன்னு அப்பத்தான் புரிஞ்சது.

வர்ற ஞாயிறு அடுத்த மேட்ச். வர்றேன்னு சொல்லியிருக்கேன். காதுக்குப் பஞ்சு வாங்கணும்.