வந்து இருந்திட்டுப் போகட்டும்

"பாவம் சேர், வந்து இருந்திட்டுப் போகட்டும்." விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் அறைகளில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். நேரடி எதிர்ப்பைவிட இந்த இரக்கம் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. அந்தப் பிள்ளை விருந்தாளியா? மாற்றுத்திறனைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாதென்று இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது.

அனுமதி கிடைக்கிறது. பாடம்தான் கிடைப்பதில்லை. காதுக் கருவி போட்ட பிள்ளை இருந்த ஒரு வகுப்பைப் பார்த்தேன். அன்பான டீச்சர். ஆனால் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுகிறார். உதட்டைப் பார்த்து விளங்குகிற பிள்ளைக்கு அதில் எதுவும் போய்ச் சேரவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து அழகாக எழுதி வைத்திருந்தது. சிவப்புப் பேனையால் சரியும் விழுந்தது.

டீச்சரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை வைத்தே ஊர் அவரை அளக்கிறது. விசேட கல்வியை முறையாகப் படிக்க அவருக்கு யார் வழி செய்தது? பள்ளிக்கு வெளியேயும் தடைதான்: நாவிதன்வெளியில் மாரி வந்து கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால், கல்முனைக்குச் சிகிச்சைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற தாய்மாரும் வீட்டோடுதான்.

முன்வாங்கில் இருத்துங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கல்வி வலயத்திடம் சேர்ந்தே கேட்போம். உங்கள் பள்ளிக்கூட நிலைமையைக் கீழே எழுதுங்கள், டீச்சர்மாரே.