சொந்த ஊர் எது சார்?

தாம்பரத்தில் குடியிருக்கிற யாரையாவது 'எந்த ஊர்?' என்று கேட்டுப் பாருங்கள். லேசில் தாம்பரம் என்று சொல்ல மாட்டார். சொந்த வீடு கட்டி, இருபது வருஷம் லோன் அடைத்தவர்கூட, "நமக்கு மன்னார்குடிப் பக்கம்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரிக் டிரெயினில் எதிர் சீட் பெரியவர் என்னையும் கேட்டார். பிறந்தது குரோம்பேட்டை, அப்பாவுக்குக் கும்பகோணம். எதைச் சொல்வது? பேந்தப் பேந்த விழித்தேன்.

இதே கேள்வியில் மாட்டியவர் ஷேமஸ் ஹீனி. 1995-ல் நோபல் பரிசு வாங்கிய கவிஞர். பிறந்தது, பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்தில். எழுதியதோ இங்கிலீஷில். 1982-ல் லண்டனில் வந்த 'பிரிட்டிஷ்' கவிதைத் தொகுப்பில் இவரைச் சேர்த்துவிட்டார்கள். நாமாக இருந்தால் பத்து காப்பி வாங்கி சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருப்போம். மனுஷன் மறு வருஷமே கவிதையாக ஒரு கடிதம் எழுதி, மரியாதையாக மறுத்துவிட்டார். பாஷை உங்களுடையதாக இருக்கலாம், ஆள் உங்கள் ஆள் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

கிண்டியில் இறங்கி அடையாறு பஸ் ஏறினேன். தியசாபிகல் சொசைட்டி வாசலில் நின்றபோது இன்னொரு அயர்லாந்துக் கவிஞர் ஞாபகம் வந்தது. பெல்ஃபாஸ்டில் பிறந்த ஜேம்ஸ் கசின்ஸ். அன்னி பெசன்ட் அழைத்து 1915-ல் இங்கே வந்து, அவருடைய 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். 1916-ல் டப்ளினில் ஈஸ்டர் புரட்சி வெடித்தது. அதைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார், வேலை போயிற்று. இந்தியாவுக்கு சுயராஜ்யம் கேட்ட பத்திரிகையிலேயே அயர்லாந்துக்காக வேலை போன ஆசாமி!

கோபித்துக்கொண்டு கப்பல் ஏறினாரா? இல்லை. மதனப்பள்ளி கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். 1919-ல் அங்கே தங்கிய தாகூர், 'ஜன கண மன'வை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அதற்கு இசைக் குறிப்பு எழுதியவர் கசின்ஸின் மனைவி மார்கரெட். அந்த அம்மாள் 1954-ல் சென்னையிலும், அவர் 1956-ல் மதனப்பள்ளியிலும் காலமானார்கள். அயர்லாந்தையும் விடவில்லை, இந்த மண்ணையும் விடவில்லை.

ஒருத்தர் 'நான் உங்க ஊர் இல்லை' என்றார். இன்னொருத்தர் 'இதுவும் என் ஊர்' என்றார். இரண்டுக்குமே தைரியம் வேண்டும். நமக்குத்தான் இரண்டும் வராது.

திரும்பும் டிரெயினிலும் பக்கத்து சீட்காரர் அதே கேள்வி. நெஞ்சை நிமிர்த்தி, "தாம்பரம்" என்றேன்.

"அது சரி சார்... பூர்வீகம்?"