எந்த சிலிண்டர்?

ஒரு பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை அது பெண்ணின் தலையில்தான் விடிகிறது. என் கார் விஷயத்தில் மூன்று மாதம் இதைப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சி ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடியது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கினால் நடுங்கும். இரண்டாவது கியரில் மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியும். மலை இறங்கினால் நடுக்கமும் இறங்கிவிடும்.

கல்வராயன் மலைக்கு நான் ஊர் சுற்றப் போவதில்லை. மலையாளிப் பழங்குடிப் பெண்களின் பாட்டுகளைப் பதிவு செய்ய மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போகிறேன். பாடுகிறவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத வேலை அது.

ஒர்க்‌ஷாப்பில் முதல் கேள்வி, “சார் வரலீங்களா மேடம்?” அடுத்து தீர்ப்பு: “கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டறீங்க.” பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “வண்டியில ஒண்ணுமில்ல” என்றார்கள். மூன்றாவது முறை போனபோது, “ஹெட்ட இறக்கிப் பாத்துரலாம், 35,000 ஆகும்” என்றார்கள். வீட்டிலோ, “தனியா மலைக்குப் போயித்தான் ஆகணுமா? வண்டியே வேணாங்குது பாரு” என்று ஒரு குரல். எஞ்சினின் நடுக்கம் என் நடமாட்டத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அதனால் படிக்க உட்கார்ந்தேன். பாடபேதம் பார்த்துப் பழகியவளுக்கு இது ஒன்றும் புரியாத நூல் அல்ல. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, புகையை வெளியேற்றுகிறது. பெரும்பாலான கார்களில் எரியும் வரிசை 1, 3, 4, 2. கிராங்க் ஷாஃப்ட் அரைச் சுற்று சுற்றுவதற்குள் ஏதாவது ஒரு சிலிண்டர் உந்தித் தள்ளியாக வேண்டும். ஒன்று தவறினால் அந்த அரைச் சுற்றின் சுமையும் மற்ற மூன்றின் மேல் விழுகிறது. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது இதைத்தான்.

மலையில் மட்டும் ஏன்? ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் நுனியில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். தளர்ந்துபோன இக்னிஷன் காயில் சமதளத்தில் சமாளிக்கும், ஏற்றத்தில் கைவிடும். பைபாஸில் ஓட்டிப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாததில் வியப்பில்லை. சுமை இல்லாத இடத்தில் சோதித்துவிட்டு, சுமக்கிறவள் சொல்வதைப் பொய் என்றார்கள்.

தோழிகளே, ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வண்டியை விரட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதற்கு ஆகும் செலவு காயிலைவிடப் பல மடங்கு.

டிராக்டர்களோடு வாழ்ந்த வயதான மெக்கானிக் ஒருவர் தன் கொட்டகையில் எனக்கு இடம் கொடுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினோம். பி0303 என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டரின் எண். பழுதுக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. “இப்பவே காயில் வாங்கிறலாமா?” என்றேன். “அவசரப்படாதீங்க டீச்சரம்மா. காயிலா, பிளக்கா, இஞ்செக்டரான்னு இன்னும் தெரியல. ஒண்ண மட்டும் மாத்திப் பாருங்க” என்றார்.

எஞ்சின் ஆறியதும் மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் வைத்தேன். ஒன்றாவதின் காயிலை மூன்றாவதில் வைத்தேன். பத்து எம்.எம். ஸ்பேனர் ஒன்று போதுமாக இருந்தது. கோடை அழித்துவிட்டு மலையேறினோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் மறுபடி நடுக்கம். இந்த முறை வந்தது பி0301. பழுது காயிலோடு நகர்ந்துவிட்டது, ஆகவே காயில்தான். நகராமல் மூன்றிலேயே நின்றிருந்தால் பிளக், இஞ்செக்டர், கடைசியாக கம்ப்ரெஷன் என்று தேடியிருப்போம். புதுக் காயிலும் நான்கு பிளக்குகளும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஹெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு பெர்த்தா பென்ஸை நினைவூட்டலாம். கணவர் கார்ல் பென்ஸின் தொழிலைக் காப்பாற்றியது அவருடைய சீதனப் பணம். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அவர் காரில் போனார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேட்டில் வண்டி ஏறாமல் தள்ள வேண்டியிருந்தது. ஏற்றத்துக்குத் தனி கியர் தேவை என்பது அந்தப் பயணம் தந்த பாடம். வண்டியின் குறையை மேட்டில் கண்டுபிடித்தவர் ஒரு பெண்.

அந்தக் காயில் மாற்றும் சோதனை என் வகுப்பறைக்கும் வந்துவிட்டது. மலையிலிருந்து வந்த ஒரு மாணவி காலை வகுப்பில் தினமும் தூங்கினாள். “படிப்புல நாட்டமில்ல” என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். விடுதியில் இடம் கிடைத்ததும் தூக்கம் போய்விட்டது. அவள் இடம் மாறினாள், குறை அவளோடு வரவில்லை. விடியுமுன் தூக்கிய தண்ணீர்க் குடத்திலும், மாறி மாறி ஏறிய இரண்டு பேருந்துகளிலும் அது தங்கிவிட்டது. குறை ஆளோடு நகர்கிறதா, இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு பெண்ணை ‘இப்படித்தான்’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

உங்கள் வண்டியைப் பற்றியோ, உடம்பைப் பற்றியோ, உங்களைப் பற்றியோ யாராவது தீர்ப்புச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த சிலிண்டர்? எதை மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள்?