எனக்குப் பசிக்கல

வெளியூர் கிளம்பும் ஆணிடம், "வழியில சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். வெளியூர் கிளம்பும் பெண்ணிடம், "வீட்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ணி வச்சிருக்கே?" என்று கேட்கிறார்கள். வேலை நிமித்தம் மாதத்துக்கு இரண்டு முறையாவது விமானம் ஏறுகிறவள் நான். முதல் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இரண்டாவது கேள்வியை மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை டாக்ஸி ஓட்டுநர்கூடக் கேட்டார்.

காலை ஆறு மணி விமானம் என்றால் நாலரைக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு மூன்றரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். முந்தின இரவே சாம்பார் வைத்து, மாவில் உப்புப் போட்டு, பிள்ளையின் டிபனுக்குக் காய் நறுக்கி, எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குறிப்பும் அனுப்பியாகிவிடும். இரண்டு நாளைக்கு மூன்று பேர் சாப்பிட ஏற்பாடு. அந்த மூன்று பேரில் நான் இல்லை. வெறும் வயிற்றோடு செக்யூரிட்டி வரிசையில் நிற்பேன்.

உள்ளே போனால் ஒரு காபி 200 ரூபாய்க்கு மேல். விலைப் பலகையைப் பார்த்ததும் மனசு தானாகக் கணக்குப் போடும், இந்தக் காசுக்கு எத்தனை பாக்கெட் பால் வரும் என்று. அதே விமானத்துக்கு வரும் ஆண் சக ஊழியர்கள் பொங்கலும் வடையும் வாங்கி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். பயணப்படி அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். ஒருமுறை எங்கள் கணக்கர் சொன்னார், "லேடீஸ் ஃபுட் பில்லே போட மாட்டாங்க மேடம். சிக்கனம்." பாராட்டாகத்தான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அலுவலகம் எனக்குச் சாப்பிடத் தருகிற பணத்தை நான் யாருக்காகச் சேமிக்கிறேன்?

சிக்கனம் என்று நாங்கள் பெயர் வைத்திருப்பது உண்மையில் ஒரு பழைய பழக்கம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருப்பதைச் சாப்பிடும் பழக்கம். விமான நிலையத்தில் மிச்சம் என்று எதுவும் இருக்காது. தனக்கென்று கேட்டு, தனக்கென்று காசு கொடுத்து, தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது பழகாததால்தான் "எனக்குப் பசிக்கல" என்கிறோம். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டால் சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. பார்க்கத்தான் செய்கிறார்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தங்கள் போனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இப்போது நான் எனக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன். எது உள்ளே போகும், எதைப் பிடித்து வைப்பார்கள் என்பது பல பயணங்களில் தெரிந்துகொண்டது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி போகும். சப்பாத்தி, புளிசாதம், எலுமிச்சை சாதம், வாழைப்பழம், வேர்க்கடலை எல்லாம் போகும். சாம்பார், ரசம் கூடாது. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் வம்பு. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதற்கும் தடை. காலி பாட்டிலைக் கொண்டுபோய்ச் சோதனை முடிந்த பிறகு குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

வெளிநாட்டுப் பயணமென்றால் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது என்பது விதி. தயிரும் இதில் அடக்கம். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருள் வைத்துத் தகர்க்கும் சதியை இங்கிலாந்து போலீஸ் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உலகமெங்கும் பரவிய விதி இது. கைக்குழந்தைக்கான பாலுக்கும் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது. குழந்தையோடு போகிற தோழிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

புளிசாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். கிட்டத்தட்டக் கொடைக்கானலில் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி. ஆனால் கொடைக்கானலின் ஈரம் இருக்காது. மூக்கும் நாக்கும் காய்ந்துவிடும். உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிப்போகும். புளிப்பு அவ்வளவாக மங்காது. கட்டுச்சோற்றுக்குப் புளியைத் தேர்ந்தெடுத்த நம் பாட்டிகள் விமானத்தையே பார்த்ததில்லை. கெடாமல் இருக்க வேண்டும் என்று செய்தார்கள். அது மேலே போயும் ருசிக்கிறது.

விதியும் விலையும் மாறாதவை என்று நினைக்க வேண்டாம். சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக 2022 நவம்பரில், அந்த சீசனுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். கேட்க ஆள் இருந்தது, விதி இளகியது. விமான நிலையச் சாப்பாட்டு விலையைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகு, 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்திலும் 'உடான் யாத்ரி கஃபே' திறந்தார்கள். அங்கே தண்ணீரும் டீயும் 10 ரூபாய், காபியும் சமோசாவும் 20 ரூபாய் என்று தொடங்கினார்கள். பத்து ரூபாய் டீ விமான நிலையத்தில் சாத்தியமே இல்லை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.

கடை தெரியாத ஊரில் நான் தகவல் மேசைக்குப் போவதில்லை. கழிவறையைச் சுத்தம் செய்யும் பெண்ணிடம் கேட்பேன், "அக்கா, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" இருநூறு ரூபாய்க் காபி விற்கும் இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் அவர்கள். அதைக் குடிக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நல்ல சோறு எங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சென்னையில் ஓர் அக்கா, ஜிஎஸ்டி சாலையைத் தாண்டித் திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் போகச் சொன்னார். சிங்கப்பூர் சாங்கியில் ஊழியர்களுக்கான கேண்டீனிலேயே பொதுமக்களும் சாப்பிடலாம் என்பதும் இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

இதெல்லாம் எனக்கு. என் அம்மாவின் கதை வேறு.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மா தனியாக அமெரிக்கா போனார். வயது 66. முதல் விமானப் பயணம். நம் ஊரிலிருந்து இப்படிப் போகும் அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பருத்திப் புடவை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காலில் புது ஷூ, கையில் பாஸ்போர்ட் கவர். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் பிரசவம் பார்க்கக் கடல் கடக்கும் படை அது. பெட்டி முழுக்கச் சாப்பாடு. பிரசவ லேகியம், பூண்டு, பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள், எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வருமாம். அதனால் பொடியாக அரைத்து எடுத்துக்கொண்டார். தங்கைக்கு, மாப்பிள்ளைக்கு, பிறக்கப்போகும் பிள்ளைக்கு, எல்லோருக்கும் அந்தப் பெட்டியில் ஏதோ ஒன்று இருந்தது.

தனக்கென்று அவர் எடுத்துக்கொண்டது நாலு வாழைப்பழம். "ப்ளேன்ல தருவாங்கடி" என்றார்.

தந்தார்கள். ஆனால் டிக்கெட் போட்டவர்கள் உணவு வகையைக் குறிப்பிட்டிருக்கவில்லை. பணிப்பெண் வேகமான ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மா கோழியும் மீனும் சாப்பிடுகிறவர்தான். தட்டில் இருப்பது எதன் இறைச்சி என்று தெரியாமல் வாயில் வைக்க மனம் வரவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சம். "நோ, தேங்க்யூ" என்று தெரிந்த இரண்டு சொற்களைச் சொல்லித் தட்டைத் திருப்பிவிட்டார். தண்ணீரும் குடிக்கவில்லை. நடுச் சீட்டு. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்தில் தூங்கும் ஆளை எழுப்ப வேண்டும். சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார்.

வளைகுடா விமான நிலையம் ஒன்றில் அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம் காத்திருப்பு. வாழைப்பழம் முன்பே தீர்ந்துவிட்டது. சுற்றிலும் கடைகள். கைப்பையில் நான் வைத்த நூறு டாலர். அதை மாற்றினால் "பிரசவச் செலவுக்கு ஆகாது" என்று அப்படியே வைத்திருந்தார். உட்கார்ந்த இடத்தில் வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது.

பக்கத்தில் இருந்த பெண்தான் கவனித்தார். மட்டக்களப்புக்காரர். குவைத்தில் வீட்டு வேலைக்கு மூன்றாவது முறையாகப் போகிறார். முதலில் கைப்பையிலிருந்து ஒரு டாஃபியை எடுத்து அம்மாவின் வாயில் போட்டிருக்கிறார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியும் சம்பலும் கொடுத்து, கடையில் சீனி போட்ட தேநீரும் வாங்கி வந்திருக்கிறார். "எனக்குப் பசிக்கலம்மா, நீ சாப்பிடு" என்று அப்போதும் அம்மா சொன்னாராம். அதற்கு அந்தப் பெண், "நாங்க சாப்பிடாம விழுந்தா வீட்டுக்கு ஆரும்மா காசு அனுப்புற?" என்று சொல்லி ரொட்டியைக் கையில் திணித்தாராம்.

அம்மா இதைப் போனில் சொன்னபோது நான் அந்தப் பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் 2013இல் ஒரு விதி வந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண் தன் குடும்ப நிலை அறிக்கையைக் கொடுக்க வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் போக முடியாது. 2022இல் தளர்த்தினார்கள். ஆண்களுக்கு இப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. "வீட்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ணி வச்சிருக்கே?" என்ற எதிர்வீட்டு அக்காவின் கேள்வியை அரசாங்கமே முத்திரை குத்திக் கேட்டது. அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்த பெண், தன் வழிக்கான ரொட்டியை மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் உடம்புதான் அவருடைய முதல் என்று அவருக்குத் தெரியும். என் அம்மாவின் உடம்பும் அப்படித்தான். ஆறு மாதம் ஒரு வீட்டைத் தாங்கப் போகிற உடம்பு. அதற்குச் சம்பளம் போடாததால் அதற்குச் சோறு போடவும் யாருக்கும் நினைவு வரவில்லை, அம்மா உட்பட.

அம்மாவையோ மாமியாரையோ இப்படி அனுப்பப்போகிற தோழிகளுக்காகச் சிலவற்றை எழுதிவைக்கிறேன். விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே உணவு வகையைப் பதிவு செய்யுங்கள். ஏவிஎம்எல் என்றால் நம் பக்கத்துச் சைவ உணவு, ஹெச்என்எம்எல் என்றால் மாட்டிறைச்சி இல்லாத அசைவம், டிபிஎம்எல் என்றால் சர்க்கரை நோயாளிகளுக்கானது. சாப்பாடு சேர்ந்த டிக்கெட்டுகளில் இதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. வாசல் பக்கத்து சீட்டுக்காக மாப்பிள்ளைகள் படும் பாட்டில் பாதியாவது நடைபாதை ஓரச் சீட்டுக்காகப் படுங்கள். அம்மா தாராளமாகத் தண்ணீர் குடிக்கட்டும், யாரையும் எழுப்பாமல் எழுந்து போகட்டும். சக்கர நாற்காலி உதவி கேட்டால் கூட ஓர் ஆள் வருவார். அவரிடம் "டீ, பிரெட்" என்று சொன்னால் போதும். "எனக்குச் சர்க்கரை நோய், சாப்பிட ஏதாவது வேண்டும்" என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிப் பாஸ்போர்ட் கவரில் வையுங்கள். இருபது டாலரைத் தனியாக மடித்துக் கொடுத்து, இது உன் வாய்க்கு மட்டும், மிச்சம் கொண்டுவந்தால் வாங்கமாட்டேன் என்று சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பேச்சுதான் எல்லாவற்றிலும் கடினம். இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு நான் நாலு தடவை சொன்னேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் வழியில், அதே விமான நிலையத்திலிருந்து இலவச வைஃபையில் கூப்பிட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம். டீ குடிச்சேன். ரெண்டு சமோசா, ஒரு பன்னு. பன்னு நல்லா இருந்துச்சு, இன்னொண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

பழக்க தோஷத்தில், "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு உனக்கு?" என்றார் அம்மா.