பார்லிக் கஞ்சி வடிக்கும் தொட்டி

எழுபது தாண்டியவன், சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவன், பீரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்பீர்கள். நான் குடிப்பதில்லை. புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் குடிக்க மாட்டான் என்றால் எளாவூரில் இன்றைக்கும் நம்ப ஆளில்லை. இங்கே வந்து சேர்ந்து அரசு எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்குச் சரக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காகிதத்தில்தான். 1995இல் ஆந்திராவில் மதுவிலக்கு வந்து 1997இல் தளர்ந்தது நினைவிருக்கும். அந்த இரண்டு வருடமும் நம்மூர்ச் சோதனைச் சாவடியில் வைக்கோல் லாரியைக்கூடக் குத்திப் பார்க்காமல் விட்டதில்லை. பாட்டில்கள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது சொல்ல வந்தது வேறு. எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். மீன்பிடிக் குடும்பம். ஏரியில் வருமானம் குறைந்ததால் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் ஆர்கன் வெல்டிங் செய்கிறான். பால் தொட்டி, மருந்துக் கம்பெனித் தொட்டி என்று எல்லாம் எவர்சில்வர் வேலை. கை சுத்தம். அவன் வைத்த ஒட்டைத் தடவிப் பார்த்தால் விரலுக்கு ஒட்டே தெரியாது. அந்தப் பட்டறைக்குப் பெங்களூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அங்கே கடையிலேயே பீர் காய்ச்சி ஊற்றுகிற இடங்கள் பத்துப் பதினைந்து வருடமாகப் பெருகியிருக்கின்றன. அப்படி ஒரு கடையின் பழைய தொட்டி அடிக்கடி அடைத்துக்கொள்கிறதாம். 500 லிட்டர் பீருக்கு ஏற்றதாக, அடைக்காத புதுத் தொட்டி வேண்டும். முதலாளி பையனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். பையன் என்னிடம் வந்தான். "தாத்தா, மேஷ்னு சொல்றாங்க, அது இன்னா? அதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு அடி வெக்கணும்?"

அவன் வந்த மறுநாள் அவன் அம்மாவும் வந்தாள். புருஷனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவள். அப்போது பையனுக்கு ஒன்பது வயது. திண்ணையில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள். "ஐயா, நீங்களே சொல்லுங்க. இவங்கப்பன எது கொண்டுபோச்சோ, அதுக்கே இவன் பானை செய்யணுமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முதலில் அந்தப் பானைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் உலர்த்திச் சூடு காட்டினால் அது மால்ட். அதை ஒன்றிரண்டாக உடைத்து வெந்நீரில் கலந்து, ஏறக்குறைய 65 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. இதுதான் மேஷ். அந்த இனிப்பு நீரை வடித்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்ட பிறகுதான் அதில் போதை ஏறுகிறது. மேஷ் தொட்டியில் இருப்பது வெறும் பார்லிக் கஞ்சி. நம் பக்கம் போலீஸ்காரர்கள் "ஊறல் அழிப்பு" என்பார்களே, அது புளித்துப் பொங்கிய சங்கதி. இது அதற்கு முந்தைய கட்டம்.

இந்த மாயத்தைச் செய்கிற பொருளை 1833இல் பாரிசில் பயென், பெர்சோ என்ற இருவர் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்து, 'தியாஸ்தாஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அமைலேஸ் என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரைக்கும் வந்து நிற்கும் அந்த 'ஏஸ்' வால் இதிலிருந்து வந்ததுதான். எங்கள் பள்ளிப் பாடத்தில் பஸ்தேர் வெறிநாய்க்கடிச் சிறுவனைக் காப்பாற்றிய கதை உண்டு. அதே பஸ்தேர் 1876இல் பீரைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியதை வாத்தியார்கள் எங்களுக்குச் சொன்னதில்லை. காரணம் புரிகிறது. பிரெஞ்சில் பீர் காய்ச்சுவதற்கு 'ப்ராஸே' என்று பெயர். நன்றாகக் கிளறுவதற்கும் அதே சொல்தான். கிளறத் தெரிந்தவனுக்கு வேலை தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவளுக்கு தியாஸ்தாஸ் எதற்கு? பேரப்பிள்ளைக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருந்தாள். ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி அரைத்த மாவு. சாதாரணக் கேழ்வரகு மாவில் கட்டியாகக் கஞ்சி கிண்டச் சொன்னேன். ஒரு பாத்திரத்தில் கொதிக்கும்போதே ஒரு கரண்டி முளைமாவு. இன்னொன்றை இறக்கி, ஆவி சற்று அடங்கிய பிறகு அதே அளவு போட்டு, மூடித் துணி சுற்றி வைத்தோம். அரை மணி கழித்துத் திறந்தால் முதலாவது களி மாதிரி அப்படியே கிடக்கிறது. இரண்டாவது தண்ணீராக இளகி, நாக்கில் லேசாகத் தித்திக்கிறது. கொதிக்கிற சூடு தியாஸ்தாஸைக் கொன்றுவிடும். அடங்கிய சூட்டில் அது வேலை செய்யும்.

நான் பெரிதாக விளக்கத் தொடங்கியபோது அவள் சிரித்துவிட்டாள். "இது தெரியாதா ஐயா? கொதிக்கிறப்ப போட்டா கஞ்சி எறங்காதுன்னு எங்க ஆயா சொல்லும். நோவு கண்டவங்களுக்கு அப்படித்தான் காச்சித் தருவோம்."

மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் முளைதானிய மாவைக் குழந்தை உணவில் சேர்ப்பது பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கஞ்சி இளகும், பிள்ளை அதிகம் குடிக்கும், வயிற்றில் சத்து கூடுதலாகப் போகும். ஆயாவின் சங்கதிதான்.

ஐரோப்பாவில் பீர் காய்ச்சியவர்களும் ஆயா வழியில்தான் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆவி அடங்கி, தண்ணீரில் தன் முகம் தெரிந்தால் மால்ட்டைக் கொட்டலாம் என்பது கணக்கு. குளிர்நாளில் ஒரு கணக்கு, வெயில்நாளில் ஒரு கணக்கு. 1760களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் வெப்பமானியை வைத்துச் சூடு பார்க்கத் தொடங்கினார். புதுமையெல்லாம் பிடிக்காத அப்பாவுக்குத் தெரியாமல் அதை ஒளித்துத்தான் வைத்திருந்தாராம். நம் வீடுகளில் பிள்ளைகள் ஒளித்து வைக்கிற பொருள்களோடு ஒப்பிட்டால் அது தங்கமான பிள்ளை.

நம் மாகாணத்திலும் இந்தத் தொழிலுக்கு வயதுண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் 1857லேயே காஸில் ப்ரூவரி என்று ஒன்று வந்தது. பனிக்கட்டி இயந்திரம் இல்லாத காலத்தில் குளிர்ச்சிக்கு மலைதான் கதி. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதையும் இன்னும் சில தென்னாட்டு ஆலைகளையும் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினார். பிற்பாடு மல்லையா குடும்பத்துக்குப் போனது அதுதான். மீதியைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

பையனின் தொட்டிக்கு வருகிறேன். சூடு காப்பது அவனுக்குச் சிரமமாக இல்லை. இரட்டைச் சுவர், நடுவில் ராக்வூல், வெளிச்சுவர் முழுக்க ஒட்டு. பால் தொட்டிக்குச் செய்கிறதுதான். நான் சொன்னது ஒன்றே ஒன்று. வெப்பமானியை ஓர் இடத்தில் மட்டும் வைக்காதே, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று வை. கட்டியான கஞ்சியில் மேல்சூடு வேறு, நடுச்சூடு வேறு.

கஷ்டம் வடிப்பதில்தான். தொட்டிக்குள் இரண்டாவதாக ஒரு சல்லடை அடி உண்டு. அதன் மேல் மால்ட் உட்கார்ந்துகொள்ளும். பார்லி உமியே படுகையாகி வடிகட்டும் துணியாகிறது. அதனால்தான் மால்ட்டை மாவாக அரைக்காமல் உமி உடையாதபடி நசுக்குகிறார்கள். முதலில் வருகிற கலங்கல் நீரைத் திரும்ப மேலேயே ஊற்றுவார்கள். தெளிந்த பிறகு வடிப்பார்கள். மிச்ச இனிப்பையும் எடுக்க மேலிருந்து வெந்நீர் தூவுவார்கள். அது 78 டிகிரிக்கு மேல் போனால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். 500 லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ மால்ட். அந்தக் கனம் முழுக்கச் சல்லடை மேல் அழுத்துகிறது. பெங்களூர்க்காரர் கோதுமையும் சேர்க்கிறவர். கோதுமைக்கு உமி கிடையாது, பிசின் அதிகம். அடைக்காமல் என்ன செய்யும்?

பழைய தொட்டியின் புகைப்படத்தைப் பையன் போனில் காட்டினான். தகட்டில் வட்ட ஓட்டைகள், கீழே நேராக மோட்டார் பம்பு. பம்பு உறிஞ்ச உறிஞ்சப் படுகை இறுகுகிறது. இறுக இறுக ஆள் பம்பை இன்னும் முடுக்குகிறான்.

பையன் பட்டறைக் கழிவில் ஒரு 20 லிட்டர் மாதிரித் தொட்டி செய்தான். ஓட்டைத் தகட்டுக்குப் பதிலாக, போர்வெல் பைப்பில் வைப்பார்களே ஒரு கம்பிச் சல்லடை, அந்த மாதிரி. கம்பியின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவம். இடுக்கு மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கீழே போகப்போக அகலம். உள்ளே நுழைந்த துகள் நடுவில் சிக்காமல் விழுந்துவிடும். இது அவனுடைய யோசனை. பெரிய ஆலைகளிலும் இப்படித்தான் என்று பிறகு நான் படித்துச் சொன்னபோது, கண்டுபிடித்த பெருமை போய்விட்டதே என்று அவனுக்கு வருத்தம்.

அப்படியும் பம்பு வைத்தால் அடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டுக் கொல்லையில் கேழ்வரகு, கோதுமை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். மூன்றாம் ஞாயிறு அவன் அம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையே வேண்டாம் என்று அவள் அவனோடு பேச்சு குறைத்திருந்த சமயம். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "கேவுரு பால் எடுக்கறப்ப துணிய முறுக்கிப் புழிஞ்சா அடச்சிக்கும். உட்டா தானா வடியும். இது தெரியாமதான் மிசினு செய்றியா?"

பம்பு உறிஞ்சக்கூடாது. அவ்வளவுதான். அடித்தளத்துக்குக் கீழே ஒரு சின்ன இடைத்தொட்டி வைத்தான். இனிப்பு நீர் தன் கனத்தில் அதற்குள் விழுகிறது. பம்பு அதிலிருந்துதான் எடுக்கும். மேலே படுகைக்கு இழுப்பே தெரியாது. அப்படியும் இறுகினால் அடியிலிருந்து கொஞ்சம் வெந்நீரை மேல்நோக்கி விட ஒரு வால்வு. படுகை லேசாக மிதந்து இளகிக்கொள்ளும். இடைத்தொட்டியும் இந்த வால்வும் பீர் உலகத்தில் பழைய சமாச்சாரம். பெல்ஜியத்தில் தூர்னே என்ற ஊரில் மேரா என்பவர் 1901லேயே இதையெல்லாம் தாண்டி, கஞ்சியைத் துணித் தட்டுகளுக்கு நடுவே வடிகட்டும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கிவிட்டார். பெரிய ஆலைகளில் இன்றும் அந்த வம்சம் ஓடுகிறது. 500 லிட்டர் கடைக்கு அது கட்டுப்படியாகாது.

மாதிரித் தொட்டி கலங்கலில்லாமல் வடித்த அன்று ஒரு டம்ளர் எடுத்து அவளிடம் நீட்டினேன். வெதுவெதுப்பான, பழுப்பு நிற, தித்திப்பு நீர். முகர்ந்து பார்த்தாள். "ஹார்லிக்ஸ் வாசன."

எனக்கு வாதம் கிடைத்துவிட்டது. ஹார்லிக்ஸே இப்படித்தான் என்றேன். முளைகட்டிய பார்லியையும் கோதுமை மாவையும் இதே மாதிரித் தொட்டியில் ஊறவைத்து, வடித்து, பால் சேர்த்து வற்றவைப்பது. 1883இல் அமெரிக்காவில் வில்லியம் ஹார்லிக் உரிமம் வாங்கியது. நமக்குப் பஞ்சாபில் நாபாவிலும், பக்கத்தில் ராஜமுந்திரியிலும் செய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாம் வாங்கிப் போகிறது இதே தொட்டிச் சாமான். இவன் செய்வது தொட்டிதானே?

டம்ளரைத் திண்ணையில் வைத்தாள். "ஹார்லிக்ஸ் குடிச்சி எவனும் வலையோட தண்ணில உழுந்து சாவல, ஐயா."

நான் அதன் பிறகு வாதாடவில்லை. பையன் வேலையை விடக்கூடாது என்பதுதான் என் கட்சி. இன்றும் அதே கட்சி. இப்படி ஒரு நுட்ப வேலை கையில் வருகிறவன் நாளைக்கு எந்த ஊரிலும் பிழைப்பான். ஆனால் அவள் சொன்னதற்கு என்னிடமோ என் பிரெஞ்சுப் புத்தகங்களிடமோ பதில் இல்லை. பையனும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மாதிரித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சக்கையைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான்.

பெரிய தொட்டி ஐந்து வாரத்தில் தயாரானது. கற்பூரம் ஏற்றி, லாரி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார்கள். நான் போயிருந்தேன், அவள் வரவில்லை. முதலாளி தனியாகக் கொடுத்த தொகையில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போனான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. சம்பளப் பணத்தை மட்டும் எப்போதும்போல வாங்கி வைத்தாள். அதில் எது தொட்டிக் காசு, எது பால் தொட்டிக் காசு என்று அவள் கேட்கவுமில்லை, இவன் சொல்லவுமில்லை.

பெங்களூரில் இதுவரை ஒரு தடவைகூட அடைக்கவில்லையாம். இப்போது அதே ஆள் 1000 லிட்டருக்குக் கேட்டிருக்கிறார். படுகையின் அகலம் கூடினால் நடுவில் கீறிவிடச் சுழலும் கத்திகள் வேண்டும். எவ்வளவு மெதுவாகச் சுற்றவேண்டும், கத்தி சல்லடையிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் நிற்கவேண்டும் என்று போன ஞாயிறு அவர்கள் வீட்டு வாசலில் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து படத்தை மிதிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, கருவாடு திருப்பிப் போடக் கொல்லைக்குப் போனாள்.